பானைக்கு வந்த தொழுநோய்

என் கண்ணைப் பற்றி எனக்கு அந்தக் காலத்தில் தலைகால் புரியாத பெருமை. அழகைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்காக யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. மைக்ராஸ்கோப்பில் வைக்கிற கண்ணைச் சொல்கிறேன். எண்பதுகளின் பின்பாதியில், மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கி இரண்டு பஸ் மாறினால் வந்து சேரும் ஒரு சின்ன ஊரில், தொழுநோய்க்கென்றே இருந்த ஒரு மருத்துவமனையில் நான் லேப் டெக்னீஷியன். ஊர்ப் பெயரும் மருத்துவமனைப் பெயரும் வேண்டாம். இதில் நடந்த தப்பு முழுக்க என்னுடையது. அதில் யாருக்கும் பங்கு கொடுக்க எனக்கு மனசில்லை.

வேலை என்னவென்றால், நோயாளியின் காதுச் சோணையை இரண்டு விரலால் ரத்தம் வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்து, பிளேடு நுனியால் ஒரு சின்னக் கீறல் போட்டு, உள்ளே சுரண்டி வருகிற ஈரத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்க்கவேண்டும். விளக்கில் வாட்டி, சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி வரச் சூடாக்கி, அமிலத்தால் அலசி, கடைசியில் நீலச் சாயம். மற்ற எல்லாம் சிவப்பை விட்டுவிட்டு நீலமாகிவிடும். தொழுநோய்க் கிருமி மட்டும் விடாது. நீலத் தரையில் சிவப்புக் குச்சிகளாக, கட்டுக்கட்டாக அடுக்கி வைத்த பீடி மாதிரி கிடக்கும். நான் கண்ணை வைத்தால் ஒரு குச்சிகூடத் தப்பாது. இதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாதத்தில் பாதி நாள் ஜீப்பில் ஊர் ஊராகப் போவோம். டாக்டரம்மா, டிரைவர், நான், அப்புறம் எங்கள் தொழுநோய் ஆய்வாளர். ஆய்வாளருக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே சம்பளம், ஒரே மாதிரி வாய். தோலைத் தொட்டுப் பார்த்தே நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்பது அவருடைய பெருமை. கண்ணாடியில் பார்க்காமல் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. ஜீப் கிளம்பினால் சண்டையும் கிளம்பும்.

போகிற இடமெல்லாம் "தொட்டால் ஒட்டாது, மாத்திரை சாப்பிட்டால் குணமாகும்" என்று நோட்டீஸ் கொடுப்பேன். அதே கையில் என் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். நோயாளி வீட்டில் டீ போடவா என்று கேட்டால், "இப்பத்தாங்க குடிச்சிட்டு வந்தேன்" என்பேன். ஆய்வாளருக்கு அதே நேரத்தில் வயிற்றில் வாயு வந்துவிடும். கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தெருக்கோடியில் ஒரு புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். புருஷனுக்கு நோய் முற்றி விரல்கள் மடங்கியிருந்தன. மாதாமாதம் மாத்திரை கொடுக்கப் போவோம். அந்த அம்மா முதல் ஆறேழு மாதம் டீ போடட்டுமா என்று கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

இனி பானைக்கு வருகிறேன். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் கண்ணாடியை அலசினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். லாரி மெக்கானிக் கடையில் பேட்டரித் தண்ணீர், அதாவது உப்பில்லாமல் காய்ச்சி வடித்த தண்ணீர், வாங்கலாம்தான். ஆனால் அது தீர்ந்தால் வாங்கி வர ஆள் போகவேண்டும், கடை திறந்திருக்கவேண்டும். அப்போதுதான் எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான். காரிமங்கலம் சந்தையில் நல்ல மண்பானை ஒன்று வாங்கினேன். நாட்டு மருந்துக் கடையில் தேத்தாங்கொட்டை வாங்கி, எங்கள் வீட்டில் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கச் செய்வதுபோலப் பானையின் உள்பக்கத்தில் நன்றாக உரைத்தேன். மழைத் தண்ணீரைப் பிடித்து நிரப்பினேன். அடியில் ஓட்டை போட்டு, பழைய சலைன் டியூபைச் செருகி மெழுகு வைத்து அடைத்தேன். சலைன் டியூபில் உருளை இருக்குமே, அதைத் தள்ளினால் தண்ணீர் நூலாக வரும், மூடினால் நிற்கும். தண்ணீர் பளிங்கு மாதிரி. கண்ணாடித் துண்டுகள் மினுமினுத்தன. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் யாரையும் அதற்கு மேல் பாராட்டியதில்லை. ஆகவே நான் பானைக்கு ஒரு பொட்டு வைத்து, லேபின் நடுவில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஸ்டூல் போட்டு உட்கார்த்தி வைத்தேன்.

பானை வந்து ஒரு மாதம் இருக்கும். தெருக்கோடி வீடு இருந்த அதே கிராமத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து சத்துணவு சமையலம்மாவை ஆய்வாளர் ஜீப்பில் அழைத்து வந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம், நல்ல குரல். அந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு வெந்துவிட்டது என்பதற்கு மணி அடிக்க வேண்டியதில்லை, அந்த அம்மா ஒரு சத்தம் கொடுத்தால் போதும் என்பார்கள். இடது முன்கையில் வெளுத்த தழும்பு ஒன்று.

"அடுப்புல சுட்டதுங்க. இதுக்கெல்லாமா ஜீப்பு அனுப்புவாங்க?"

தழும்பில் உணர்ச்சி செத்திருக்கிறதா என்று ஆய்வாளர் பஞ்சுத் திரியால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தெரியுது என்ற அம்மா, ஒரே ஒரு தடவை பேசாமல் இருந்துவிட்டார். கேட்டால், "நாளைக்குப் புள்ளைங்களுக்குப் பருப்பு பத்துமான்னு யோசிச்சிட்டிருந்தேன் சார்" என்றார். அந்த ஒரு தடவைக்காகத்தான் என்னிடம் அனுப்பினார்கள். கம்மலைக் கழற்றச் சொன்னேன்.

"காது குத்தறதுக்கு மாமனுங்கல்ல மடியில வெச்சிக்கணும்? ஒருத்தரையும் காணோமே."

"நானே மாமன்னு நெனச்சுக்குங்கக்கா" என்றேன்.

"சீர் செய்யாத மாமனா இருக்கியே சாமி" என்று சொல்லிக் காதைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் கண்ணாடியில் கண் வைத்தேன். நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள். கட்டுக்கட்டாக இல்லை, ஒன்று இங்கே, ஒன்று அங்கே, சந்தையில் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல நின்றன. அது எனக்கு அப்போதே இடித்தது. இடித்ததை ஒதுக்கிவிட்டு, இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆய்வாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "யோவ், ஒத்தத் தழும்பு. உணர்ச்சி நல்லா இருக்கு. நரம்பு தடிக்கல. இதுல குச்சி எப்பிடிய்யா வரும்?"

"உன் வெரலுக்குத் தெரியாதது என் கண்ணுக்குத் தெரியும்."

டாக்டரம்மாவும் இரண்டு தடவை குனிந்து பார்த்தார். குச்சி இருந்தது, இருப்பதை இல்லை என்று எப்படிச் சொல்வது? மாத்திரை ஆரம்பித்தார்கள், இரண்டு வருஷத்துக்கு. அந்த அம்மா அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என் கையால ஆக்கறதத்தான் அத்தன புள்ளைங்களும் தின்னுதுங்க. அதுங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதில்ல?" ஆகாது, தைரியமாகச் சமையுங்கள் என்றார் டாக்டரம்மா.

சமைக்கத்தான் விடவில்லை. வீட்டில் மற்றவர்களையும் சோதிக்கவேண்டும் என்பது முறை. அதற்காக அடுத்த வாரம் எங்கள் ஜீப் அந்த அம்மா வீட்டு வாசலில் போய் நின்றது. அந்தப் பக்கத்தில் எங்கள் ஜீப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. நாங்கள் வாயே திறக்க வேண்டியதில்லை, ஜீப் நின்ற இடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். மறுநாள் பாதிப் பிள்ளைகள் தட்டு கொண்டுவரவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு தட்டுகூட வரவில்லை. தலைமையாசிரியர் நல்ல மனுஷன். ஆனால் பெற்றவர்கள் கூட்டமாக வந்து நின்றால் அவர் என்ன செய்வார்? "கொஞ்ச நாளைக்கு வூட்ல இருங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த மாத்திரைக்கு வந்தபோது அந்த அம்மாவின் குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"பதினோரு மணி ஆனா கை பரபரங்குது சார். கரண்டிய அந்த ஒதவியாளர் பொண்ணுகிட்டக் குடுத்துட்டு வந்தேன். பெருங்காயம் எந்த டப்பாவுல இருக்குன்னுகூட அதுக்குத் தெரியாது. ஒருநாள் சோறு கொழையுதாம், ஒருநாள் அரிசியா நிக்குதாம். எங்க வூட்டு வழியா போற புள்ளைங்க எட்ட நின்னு சொல்லிட்டு ஓடுதுங்க."

எட்ட நின்று என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார். நான் ரிஜிஸ்டரில் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன்.

அதற்குள் லேபில் வேறு கூத்து ஆரம்பித்திருந்தது. அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்குக் குச்சி. இரண்டு பிள்ளைகளுக்கும் குச்சி. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குச்சி. மாத்திரை முடித்துக் குணமாகிப் போன பழைய நோயாளிகள் சும்மா வந்து காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தால், அவர்களுக்கும் குச்சி. ஆய்வாளர் தலையில் கைவைத்துவிட்டார்.

"யோவ், பத்து வருஷமா சைக்கிள் மிதிச்சு கொறச்ச நோயி. ஒரே மாசத்துல மாவட்டத்துக்கே குடுத்துட்டியே."

"நான் என்ன கைல வெச்சுகிட்டு தர்றனா? கண்ணாடி சொல்லுது."

"அப்ப உன் காத அறுத்துப் பாரு."

ரோஷம் வந்தது. அவர் கையில் பிளேடைக் கொடுத்து என் காதைக் காட்டினேன். பழைய கணக்கையெல்லாம் சேர்த்துத்தான் கீறினார் என்று இன்றைக்கும் சொல்வேன். தேய்த்து, சாயம் போட்டு, அலசி, கண் வைத்தேன்.

குச்சி.

என் முகத்தைப் பார்த்து ஆய்வாளர் சிரித்தார். அடுத்து அவர் காது. சிரிப்பு நின்றது. சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டு, தோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்கும் குச்சி. அடுத்த அரைமணி நேரம், படித்த மூன்று பேர், தொட்டால் ஒட்டாது என்று ஊரெல்லாம் சொன்ன மூன்று பேர், ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தங்கள் கையையும் காலையும் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கிள்ளியதில் தொடையில் ரத்தம் கட்டிவிட்டது. வலித்தது. வலித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் தெளிந்தது டாக்டரம்மாதான். "ஒண்ணுமே தேய்க்காத கண்ணாடி ஒண்ணு எடுங்க. புதுசா, பேப்பர் பிரிச்சு. அதுக்குச் சாயம் போடுங்க."

போட்டேன். எந்தக் காதும் தொடாத, எந்தத் தோலும் படாத கண்ணாடி. நீலமே சரியாக ஏறவில்லை. ஏற அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் சிவப்புக் குச்சிகள் இருந்தன. ஒன்று இங்கே, ஒன்று அங்கே.

"கண்ணாடிக்குத் தொழுநோய்" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை எழுதவா?"

அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடினோம். சிவப்புச் சாயத்தில் இல்லை. அமிலத்தில் இல்லை. நீலத்தில் இல்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். பொட்டு வைத்த என் பானை ஸ்டூல்மேல் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தது. சலைன் டியூபைப் பிடுங்கி நடுவில் வெட்டினேன். உள்ளே வழவழவென்று பாசிபோல ஏதோ ஒட்டியிருந்தது. அதை ஊசிமுனையளவு எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க ஒரே சிவப்பு.

தொழுநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தங்கள் உண்டு, மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும், யாரையும் ஒன்றும் செய்யாது, ஆனால் அதே சிவப்பைப் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னார். புத்தகத்தில் நானும் படித்ததுதான். படித்தவன்தான் அதற்குப் பானை வாங்கி வீடு கட்டிக் கொடுத்தேன்.

அன்றே பேட்டரித் தண்ணீர் வந்தது. புதிதாகக் குச்சி வந்த எல்லோரையும் மறுபடி சோதித்தோம். ஒருவருக்கும் இல்லை. சமையலம்மாவை வரவழைத்து டாக்டரம்மாவே அரைமணி நேரம் பஞ்சுத் திரியால் தொட்டார். இந்தத் தடவை பருப்பைப் பற்றி யோசிக்காமல் இருக்கச் சொன்னோம். சுட்ட தழும்புதான், நோய் இல்லை. மாத்திரையை நிறுத்தினார்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு, "அக்கா, தப்பு என்னுது. எல்லாம் பானைத் தண்ணியால வந்தது" என்று உளறினேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "தப்ப ஒத்துக்கிட்ட, சரி. கரண்டி எப்ப வரும்?"

கரண்டி அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சான்றிதழை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பெற்றவர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து மரியாதையாகத்தான் கேட்டார்: "போன மாசம் இருக்குன்னீங்க. இந்த மாசம் இல்லீங்கறீங்க. அடுத்த மாசம் என்னா சொல்லுவீங்க?"

பானையின் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

"செரிங்க. உங்க ஆசுபத்திரிக்கு வர்றவங்க எல்லாம் நோயாளிங்க. அவங்ககிட்ட இருந்து அந்தப் பானைக்கு ஒட்டியிருந்தா? பானையில இருக்கறது நெசமாவே அந்தக் கெருமிதான்னா?"

நானும் ஆய்வாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டும் குச்சி, இரண்டும் சிவப்பு. கட்டாக இருக்கிறது, தனியாக இருக்கிறது என்பதையெல்லாம் சொல்லலாம். ஆனால் என் கண்ணை இனி யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கை இல்லை. அந்த மனுஷன் கேட்டது நியாயமான கேள்வி.

டாக்டரம்மாவோடு படித்த சிநேகிதி ஒருவர் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்து, தூரத்து நகரம் ஒன்றில் இருந்தார். கிருமிகளின் மரபணுவையே படித்து, இது இன்னது என்று சொல்கிற வித்தை அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. அவருக்கு அதுதான் வேலை. பாசி படிந்த டியூபை வெட்டி, சின்னப் புட்டியில் போட்டு, நானே கொண்டுபோகிறேன் என்று கிளம்பினேன். செய்த பாவத்துக்கு அது குறைந்தபட்ச தண்டனை. சூடு படக்கூடாது என்பதால் புட்டியை ஐஸ் போட்டு டீ பிளாஸ்க்கில் வைத்தோம். மொரப்பூரில் ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் இருந்த பெரியவர் சேலம் வரும்வரை பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"தம்பி, ஒரு வாய் டீ இருக்குங்களா?"

"இப்பத்தாங்க தீந்துது" என்றேன். அந்த விஷயத்தில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது.

சிநேகிதி அம்மா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். ஒவ்வொரு கிருமிக்குள்ளும் நான்கே எழுத்துகளில் நீளமாக ஓர் எழுத்து ஓடுகிறது, சொந்தக்காரர்கள் என்றாலும் சில இடங்களில் எழுத்து மாறும், தொழுநோய்க் கிருமியின் எழுத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொன்னார். எவ்வளவு நாள் ஆகும் என்றேன். முதலில் இதை வளர்க்கவேண்டும். வளர்ந்தாலே பாதி சந்தேகம் தீர்ந்தது, ஏனென்றால் தொழுநோய்க் கிருமி சோதனைக்கூடத்தில் எதைப் போட்டாலும் வளராது, என்றார். மீதிப் பாதிக்குத்தான் எழுத்தைப் படிக்கவேண்டும். மாதங்கள் ஆகும்.

ஆயின. அந்த மாதங்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கட்சி மாறிவிட்டார்கள். உதவியாளர் பொண்ணின் சாம்பாரைத் தின்றவர்கள் அவர்கள்தானே. சமையலம்மா எப்போது வருவார் என்று தலைமையாசிரியரைக் கேட்டுக்கேட்டு நச்சரித்தார்கள். பெற்றவர்கள்தான் அசையவில்லை.

கடைசியில் கடிதம் வந்தது. இரண்டு பக்கம் இங்கிலீஷில் விளக்கம். மூன்றாவது பக்கத்தில் எழுத்துகள். ஏ, சி, ஜி, டி, இந்த நான்கு மட்டும், வரிவரியாக, மேல் வரியில் எங்கள் பானைக் கிருமி, கீழ் வரியில் தொழுநோய்க் கிருமி. மாறுகிற இடங்களில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. தண்ணீரில் வாழ்கிற தூரத்துச் சொந்தம்தான், தொழுநோய்க் கிருமி இல்லை என்று கீழே எழுதியிருந்தது. டாக்டரம்மா அதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். மறுபடி பள்ளிக்கூடத்தில் கூடினோம். சமையலம்மா வாசலுக்கு வெளியே, புங்க மரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே வரச் சொன்னோம். "முடிவு தெரியட்டும்" என்றார்.

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழ்ப் பக்கத்தைப் படித்தார். எல்லோரும் கேட்டார்கள். கேள்வி கேட்ட அதே மனுஷன் எழுந்து, "அந்த மூணாவது பக்கத்தையும் படிச்சிருங்க சார். எதையும் உட வேணாம்" என்றார்.

"அது வெறும் எழுத்துங்க."

"இருக்கட்டுங்க."

அவர் படித்தார். ஆஜர் எடுக்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்தி. "ஏ. ஜி. ஜி. டி. சி. ஏ." சபை அசையாமல் கேட்டது. அடுத்த அறையில் ஒன்றாம் வகுப்பு. ஆசிரியர் இல்லாமல் சும்மா இருந்த அந்தப் பிள்ளைகள் பாடம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, பெருங்குரலில் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார்கள். "ஏ! ஜி! ஜி! டி!" தலைமையாசிரியருக்கு நிறுத்தத் தெரியவில்லை. அவர் ஒரு எழுத்துச் சொல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் சொல்ல, கிருமியின் மரபணு எங்கள் மாவட்டத்தில் முதல்முறையாக ராகம் போட்டு ஓதப்பட்டது. டாக்டரம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஒருவழியாக முடிந்ததும் அந்த மனுஷன் கேட்டார், "இதெல்லாம் என்னாங்க சார்?"

தலைமையாசிரியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "கெருமியோட ஜாதகம்."

"ரெண்டையும் பொருத்தம் பாத்தாங்களா?"

"வரிவரியா பாத்துருக்காங்க. பொருந்தல. பாருங்க, பொருந்தாத எடமெல்லாம் வட்டம்."

தாள் கைமாறிக் கைமாறி சபையைச் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் வட்டத்தை விரல் வைத்துப் பார்த்தார்கள். சான்றிதழை நம்பாதவர்கள், என் கண்ணை நம்பாதவர்கள், அந்த வட்டங்களை நம்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த மனுஷன் வாசல்வரை போய், "ஏம்மா, நாளைக்கு வந்து அடுப்பப் பத்த வையுங்க" என்றார்.

புங்க மரத்தடியிலிருந்து சத்தம் வந்தது. "நாளைக்கு எதுக்கு? இன்னிக்கு அடுப்புல அரிசி ஏறலையா?"

அன்றைக்கே சமைத்தார். ஒரு மணிக்குப் பழைய குரலில் ஒரு சத்தம். தட்டோடு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கூடவே எங்களையும் வரிசையில் உட்கார வைத்தார்கள். நாங்கள் சாப்பிடுவதைப் பெற்றவர்கள் பார்க்கவேண்டும் என்பது டாக்டரம்மாவின் கணக்கு. நான் முதல் ஆளாகத் தட்டை நீட்டினேன். பெருங்காயம் சரியான டப்பாவிலிருந்து வந்திருந்தது. இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினேன். பெரிய தியாகம் செய்கிறவன்போலத்தான் சாப்பிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

சமையலம்மா கரண்டியோடு என் எதிரில் வந்து நின்றார்.

"எனக்கு இல்லன்னு காட்றதுக்கு ரயிலேறிப் போயிட்டு வந்த. நல்லாருப்ப. எங்க தெருக்கோடி வூட்டுக்காரருக்கு நெசமாவே இருக்குதே, மாசாமாசம் ஜீப்புல வர்றியே. அவங்க வூட்ல ஒரு வாய் டீ குடிச்சிருக்கியா?"

நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"வூட்ல உக்காந்திருந்த மாசமெல்லாம் அந்தம்மா ஒருத்திதான் எங்கிட்ட வந்து பேசிட்டிருந்தா. அவதான் சொன்னா. கேட்டு கேட்டு வெக்கமாயிடுச்சாம், உட்டுட்டாளாம்."

சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குச் சாம்பார் ஊற்றப் போய்விட்டார். சந்தையில் வாங்கிய பானையைவிடப் பெரிய தப்பு ஒன்றை நான் வருஷக்கணக்காக, தெரிந்தே, சிரித்த முகத்தோடு செய்துகொண்டிருந்தேன். அதைக் காட்ட எந்தச் சாயமும் தேவைப்படவில்லை. பக்கத்தில் ஆய்வாளரைப் பார்த்தேன். அவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவிவிட்டு இருவரும் தெருக்கோடிக்கு நடந்தோம். தண்ணீர் பாட்டிலைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டேன். மாத்திரை நாள் இல்லை என்பதால் அந்த அம்மா பதறிப்போனார். "என்னாங்க, ஏதாச்சும் தப்பா?" என்றார். உள்ளே அவர் வீட்டுக்காரர் மடங்கிய கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லித்தான் ஆகவேண்டும். "கொஞ்சம் டீ கெடைக்குங்களா?"

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். ஆய்வாளரைப் பார்த்தார். உள்ளே போனார். அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு தம்ளரைக் கழுவுகிற சத்தம். கழுவினார். சாம்பல் போட்டுத் தேய்த்து மறுபடி கழுவினார். தண்ணீர் மொண்டு ஊற்றி மூன்றாவது முறை கழுவினார். சத்தம் நிற்கவே இல்லை.

நான் எழுந்து கதவருகே போய், "போதுங்க, அப்பிடியே குடுங்க" என்றேன்.